ஆடிப்பட்டம் சார்ஜாவுக்குச் செல்லாது

கேள்வி: ஐயா, எனக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல். இப்போது சார்ஜாவில் குடும்பத்தோடு இருக்கிறேன். பின்முற்றத்தில் 20 பைகளில் கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) நிரப்பி, அம்மா சொன்னபடி ஆடி பிறந்ததும் தக்காளி, மிளகாய் நாற்று வைத்தேன். வெண்டையும் மல்லியும் விதைத்தேன். மல்லி முளைக்கவில்லை. தக்காளி பூத்துப் பூத்து உதிர்கிறது. இலை ஓரம் கருகுகிறது, கறிவேப்பிலை மஞ்சளாகிறது. தினமும் மூன்று வேளை தண்ணீர் விடுகிறேன். கடைக்காரர் தழை, மணி, சாம்பல் சத்து சமமாகக் கலந்த 19:19:19 உரமும் ஒரு டானிக்கும் தந்தார். வேறு எந்த டானிக் அடித்தால் பூ நிற்கும்?

பதில்: எந்த டானிக்குக்கும் நிற்காது மகளே. பகலில் 35 டிகிரியும் இரவில் 25 டிகிரியும் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டு, பூ காயாகாமல் விழுந்துவிடும். அம்மா சொன்ன ஆடி, நம்ம விளவங்கோட்டுப் பக்கத்தில் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கும் துலாமழை என்கிற ஐப்பசி மழைக்கும் நடுவே வருகிற ஆடி. உனக்கு ஆடி என்பது ஐப்பசிதான். தக்காளி, மிளகாயை அப்போது வை, பங்குனி வரை காய்க்கும். மல்லியை இரண்டாக உடைத்து கார்த்திகையில் விதை. கோடைக்கு வெண்டை, கொத்தவரை, முருங்கை போதும். ராஜஸ்தான் மணலில் விளைகிற கொத்தவரைக்கு உன் ஊர் வெயில் பழகியதுதான்.

நீ கேட்காமல் விட்டது கோகோபீட்டைப் பற்றி. இலை ஓரம் கருகுவதற்கு வெயிலை மட்டும் குற்றம் சொல்லாதே, உப்பைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். பையின் மேல்மண்ணில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பார். நம்ம கடலோரத்தில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, காயலின் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்துத் தும்பு (நார்) எடுப்பதைச் சின்ன வயதில் பார்த்திருப்பாய். அந்தத் தும்பு எடுக்கும்போது கொட்டுகிற தூள்தான் உன் கோகோபீட். காயல் உப்பு அதிலேயே தங்கியிருக்கும். காயல் பார்க்காத கதம்பையிலும் இயல்பாகவே பொட்டாசிய உப்பு உண்டு. 'கழுவியது' என்று அட்டையில் அச்சடித்துவிட்டால் கழுவியதாகிவிடாது. பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு வியாபாரியின் வாய்ச்சொல்லை நம்பி, கழுவாமல் நிரப்பி 40 மிளகாய் நாற்றைப் பறிகொடுத்தேன். அன்றிலிருந்து எவன் என்ன சொன்னாலும் நானே கழுவுகிறேன்.

கழுவுவது எளிது. 5 கிலோ கட்டியை ஒரு டிரம்மில் ஊறவை. கட்டன் சாயா (பால் விடாத தேநீர்) நிறத்தில் தண்ணீர் இறங்கும். வடித்துவிட்டு மறுபடி ஊற்று. மூன்று, நாலு தடவையில் நிறம் வெளுக்கும். நிறத்தை மட்டும் நம்பாமல், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள். வடிந்த தண்ணீரில் மீட்டர் காட்டும் எண், உன் குழாய்த் தண்ணீரில் காட்டும் எண்ணுக்குப் பக்கத்தில் வரும்வரை விடாதே. தனிக் கோகோபீட்டில் செடி வளர்க்காதே, பாதிக்கு மண்ணும் நன்றாக மக்கிய தொழுவுரமும் சேர். நட்டு வைத்த பைகளை இப்போது கொட்ட வேண்டாம், அடியில் தண்ணீர் ஒழுகி ஓடும்வரை ஒருநாள் ஊற்றிக் கழுவிவிடு.

மூன்று வேளை தெளிப்பதை நிறுத்து. தெளித்த தண்ணீர் ஆவியாகும், உப்பு மேலேயே நிற்கும். விடியுமுன் ஒரு தடவை நிறைய ஊற்று. பைக்கு 5 லிட்டர் என்றால் அரை லிட்டராவது அடியில் ஒழுக வேண்டும். பகல் கொதிப்பில் வாடினால் மட்டும் சாயந்திரம் கொஞ்சம். மாடித் தொட்டித் தண்ணீர் சுடுமே என்பாய். கோடையில் நீங்களெல்லாம் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் ஆறிக் கிடக்கும் அதன் தண்ணீரில்தானே குளிக்கிறீர்கள்? செடிக்கும் அதையே பிடி. பையின் மேல் ஈச்ச ஓலையை நறுக்கி நாலு விரல் கனத்துக்குப் பரப்பு. மேற்கு வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டு.

19:19:19 இப்போதைக்கு வேண்டாம், அதுவும் உப்புதான். டானிக் கடைக்காரரின் வீட்டு வாடகைக்கு உதவும். கறிவேப்பிலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புக் குறை. அங்கத்திய சுண்ணாம்பு மண்ணைக் கலந்திருந்தால் சாதா இரும்பு சல்பேட் பலிக்காது, இடிடிஏ (EDTA) சேர்த்த இரும்பும் அப்படித்தான். இடிடிஎச்ஏ (EDDHA) என்று அட்டையில் போட்டிருக்கும் இரும்புக் கலவையைக் கேட்டு வாங்கு. விலை கூடுதல்தான், ஒரு சிட்டிகை போதும்.

வருகிற லீவில் ஊரிலிருந்து கறிவேப்பிலைக் கன்றை மண்ணோடு பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதே. சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். கன்று அங்கேயே நர்சரியில் கிடைக்கும்.