பாம்புக்கு விருந்து வைக்காதீங்க தம்பி

கேள்வி: அக்கா, நான் பெரம்பூர்ல இருக்கேன், காலேஜ் செகண்ட் இயர். எட்டு மாசக் குட்டி போவா பாம்பு ஒண்ணு வளக்கறேன், இரண்டரை அடி, 160 கிராம். சீக்கிரம் பெருசாகணும்னா நிறைய போடுன்னு ஃப்ரெண்டு சொன்னான், அதனால நாலு நாளைக்கு ஒரு பெரிய வெள்ளை எலி போட்டேன். இந்த மாசம் ரெண்டு தடவை முழுங்கின எலிய அப்படியே கக்கிடுச்சு. டேங்க் என் ரூம்லதான், ஏசி 22-ல ஓடும். ஃப்ரீசர்ல எலி வைக்க அம்மா விட மாட்றாங்க, முட்டை குடுத்தா போதாதான்னு கேக்கறாங்க. என்ன பண்றது?

பதில்: தம்பி, மொதல்ல அடுத்த எலிய நிறுத்துங்க. ரெண்டு வாரம் முழுசா பட்டினி, தண்ணி மட்டும் தினம் மாத்தி வைங்க, கையில எடுக்கவே வேணாம். கக்கும்போது வயித்து ஆசிட் தொண்டையெல்லாம் புண்ணாக்கிடும், செரிமானத்துக்கு வேண்டிய நல்ல பாக்டீரியாவும் போயிடும், அது திரும்ப செட் ஆகறதுக்குள்ள பாவம்னு நீங்க இன்னொரு எலிய போட்டா அதையும் கக்கும், இப்படியே போயி குட்டி எலும்பும் தோலுமா ஆயிடும்.

நம்ம ஊர்ல வீட்டுக்கு வந்தவங்கள "இன்னும் ஒரு கரண்டி"ன்னு சொல்லாம அனுப்ப மாட்டோம், அதே பாசத்த பாம்பு மேலயும் காட்டறோம். போவாவுக்கு அது ஒத்து வராது. அதோட சொந்த ஊரு மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா பக்கம், காட்டுல எப்பவாவது ஒண்ணு மாட்டும், முழுங்கிட்டு நாள் கணக்கா சுருண்டு கிடக்கும், உடம்பே அதுக்கு ஏத்த மாதிரிதான். உங்க ஃப்ரெண்டு சொன்னதுக்கு பவர் ஃபீடிங்னு பேரு. நீளம் கொஞ்சம் வேகமா ஏறும்தான், ஆனா கூடவே உள்ள கொழுப்பு சேரும், ஈரல் கெடும், ஆயுசு குறையும். நல்லா பாத்துக்கிட்டா 20 வருஷத்துக்கு மேல வாழற ஜீவன், மூணு வருஷத்துல ஆறு அடி ஆக்கி என்ன பண்ணப் போறீங்க?

ரெண்டு வாரம் கழிச்சு 7, 8 கிராம் குட்டி எலி ஒண்ணு, கடைக்காரங்க ஹாப்பர்னு சொல்வாங்களே அது. தங்குச்சுன்னா இன்னும் ரெண்டு வாரம் விட்டு அதே சைஸ். இப்படி மூணு தடவை ஒழுங்கா செரிச்சு கழிவும் வந்த பிறகுதான் 15 கிராம் பக்கம் போகணும், அதுவும் 10-லருந்து 14 நாளைக்கு ஒண்ணு. எலியோட அகலம் பாம்பு உடம்புல ரொம்ப தடிச்ச இடத்த தாண்டவே கூடாது. நீங்க போட்ட பெரிய எலி 25, 30 கிராம் இருந்திருக்கும், அது இந்த குட்டிக்கு ரொம்ப ஓவர். ஒரு வயசுக்கு மேல இடைவெளிய இன்னும் கூட்டிக்கலாம், பெருசான போவாவுக்கு மாசத்துக்கு ஒண்ணே தாராளம். சாப்ட்டு ரெண்டு நாள் தொடாதீங்க. கண்ணு நீலம் பூத்து தோல் உரிக்கப் போற சமயத்துல சாப்பிடலன்னா விட்ருங்க, அது சகஜம்.

அடுத்து அந்த ஏசி, என் சந்தேகம் பாதிக்கு மேல இது மேலதான். பாம்புக்கு உள்ள ஹீட்டர் கிடையாது, வெளிச் சூடு இருந்தாத்தான் செரிக்கும், இல்லன்னா வயித்துல இருக்கற எலி அழுக ஆரம்பிச்சுடும், அப்புறம் கக்காம என்ன பண்ணும்? டேங்க்ல ஒரு பக்கம் 31, 32 டிகிரி, மறு பக்கம் 26, 27. டேங்க் அடியில வைக்கற ஹீட் மேட் போட்டா, சூட்ட ஒரே அளவுல நிறுத்தற தெர்மோஸ்டாட் இல்லாம போடாதீங்க, வயிறு வெந்துடும். ஏசி ஈரத்தையும் உறிஞ்சிடும், பாம்புக்கு 60, 70 சதவீதம் ஈரப்பதம் வேணும், அதனால மேல வலை போட்ட கண்ணாடி டேங்க்க விட மூடின பெட்டி நல்லது. அதுக்காக மே மாசத்துல ஏசிய சுத்தமா ஆஃப் பண்ணிட்டு காலேஜ் போயிடாதீங்க, மூடின ரூம்ல 38, 40 டிகிரிக்கு போனா குட்டி செத்தே போகும், 27-ல வைங்க.

ரெண்டு தடவை கக்கினதால டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க. வேப்பேரி வெட்னரி காலேஜ் உங்களுக்கு பக்கம்தான். கழிவு கொஞ்சம் ஜிப்லாக் கவர்ல எடுத்துட்டுப் போங்க, குடல் புழு இருக்கான்னு பாப்பாங்க. போவாவுக்கு வர்ற ஐபிடின்னு ஒரு வைரஸ் நோய்லயும் கக்கல் உண்டு, அதுக்கு மருந்து இல்ல, உங்க கதைய பாத்தா சாப்பாடும் குளிரும்தான்னு தோணுது, இருந்தாலும் கேட்டு வைங்க. போகும்போது பாம்ப பதிஞ்ச பேப்பர் கையில இருக்கட்டும். 2024-ல வந்த ரூல்ஸ் படி இந்த மாதிரி வெளிநாட்டு உயிரினத்த வாங்கி 30 நாளுக்குள்ள மத்திய அரசோட பரிவேஷ் போர்ட்டல்ல பதியணும், பண்ணலன்னா மொதல்ல அத பாருங்க. (நம்ம மலைப்பாம்பு, மண்ணுளி எல்லாம் வேற கதை, அத வீட்ல வளக்கவே கூடாது.)

அம்மா விஷயம். முட்டை வேணாம், சிக்கன் துண்டும் வேணாம், புத்துக்கு ஊத்தற பால் சுத்தமா வேணாம். எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேந்த முழு எலியிலதான் அதுக்கு வேண்டிய கால்சியம் இருக்கு. அதுக்காக வீட்டு எலிய பிடிச்சுப் போட்டுடாதீங்க, பக்கத்து வீட்ல வெச்ச எலி மருந்து அது வயித்துல இருக்கலாம். ஃப்ரீசர்ல இருந்து எடுத்தத ராத்திரி பூரா ஃப்ரிட்ஜ்ல வெச்சு, அப்புறம் கவரோட வெந்நீர்ல போட்டு வெதுவெதுப்பாக்கி குடுக்கணும், மைக்ரோவேவ் கூடாது, சாம்பார் சூடு பண்ற மைக்ரோவேவ்ல எலிய வெச்சா அம்மா உங்கள பாம்போட சேத்து வெளிய அனுப்பிடுவாங்க. அவங்க கோவத்துல நியாயம் இருக்கு தம்பி, சால்மொனெல்லா கிருமி நிஜமாவே பரவும். மாசத்துக்கு மூணு குட்டி எலிதானே, அதுக்கு பழைய மினி ஃப்ரீசர் ஒண்ணு செகண்ட் ஹேண்ட்ல தேடுங்க, அத உங்க ரூம்லயே வெச்சுக்கோங்க.