விடியற்காலையில் மாடி ஏறும் மகளைத் தடுக்கலாமா?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு, வணக்கம்.

பிளஸ் ஒன் படிக்கும் பெண், வானில் போகும் ராக்கெட் துண்டுகளைப் பார்க்க விடியற்காலை நாலரை மணிக்கு ஸ்டாப்வாட்சோடு மொட்டை மாடியில் நின்றால் எந்தத் தாய்க்கும் கவலை வரும். தூக்கம் கெடுகிறதே, நிறுத்தச் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களை இரண்டு முறை படித்துவிட்டேன் அம்மா. இதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

செயற்கைக்கோளை விட்டுவிட்டு, தானும் பூமியைச் சுற்றிக்கொண்டிருக்கும் ராக்கெட்டின் கடைசி அடுக்கு உருண்டுகொண்டே போகும். அதனால் அதன் மேல் படும் சூரிய ஒளி விட்டு விட்டு மின்னும். ஒரு முறை மின்னுவதற்கும் அடுத்த முறைக்கும் இடையே எத்தனை விநாடி என்று அவள் நாள்வாரியாகக் குறித்திருக்கிறாள். ஓரிடத்தில், "ஆப் சொன்னதைவிட 4 விநாடி முன்னாடியே வந்தது, ஏன்?" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள். இவை எப்போது வானில் தெரியும் என்று கணித்துச் சொல்லும் செல்போன் ஆப்பைத்தான் சொல்கிறாள். நல்ல கேள்வி. அந்த உயரத்திலும் மெல்லிய காற்று உண்டு. அது உரச உரசப் பாதை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்கினால் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறையும். ஆப்பில் இருப்பது சில நாள் பழைய கணக்காக இருந்தால், அந்த அடுக்கு முந்திக்கொண்டு வரும். ஈர்ப்பியல் பாடம் நடக்கும்போது இதை அவள் வகுப்பில் கேட்கட்டும்.

1966-ல் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊர்ப் பள்ளியில் ஜெஃப்ரி பெர்ரி என்ற இயற்பியல் ஆசிரியரும் மாணவர்களும் இதே மாதிரி வேலையைத்தான் செய்தார்கள். சோவியத் செயற்கைக்கோள்களின் ரேடியோ ஒலியைக் கேட்டுப் பாதையைக் கணக்கிட்டு, ரகசியமாக இருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளத்தைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, இதில் வேலை இருக்கிறதா என்று கேட்டீர்கள். இருக்கிறது. இவள் பார்க்கும் ராக்கெட் அடுக்கு போன்ற விண்வெளிக் குப்பையைக் கண்காணிக்க இஸ்ரோ 2022-ல் பெங்களூரில் தனி மையமே திறந்தது. அங்கேயே இதற்கென்று தனியார் நிறுவனமும் வந்துவிட்டது. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிப் படிப்புக்கான ஐஐஎஸ்டி-யில் பி.டெக். சேர ஜேஇஇ அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது கிடைக்காவிட்டால் எல்லாம் போயிற்று என்று நினைக்காதீர்கள். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து நம் கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் இசிஇ (மின்னணு, தகவல் தொடர்புப் பொறியியல்) சேர்ந்தாலும் வழி உண்டு. எதுவானாலும் கணிதத்தை விடக் கூடாது. அப்புறம், பைதான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்ளட்டும். நோட்டில் இருக்கும் கணக்கை அவளே புரோகிராமாக எழுதலாம். பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு கொள்ளும் ஹாம் ரேடியோவுக்கான உரிமத் தேர்வும் எழுதலாம், 12 வயது ஆனாலே போதும்.

தூக்கத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். தாழ்வாகச் சுற்றுபவை நள்ளிரவில் பெரும்பாலும் பூமியின் நிழலுக்குள் போய்விடும்; வெறும் கண்ணுக்குத் தெரிவது பொழுது சாய்ந்த பிறகும் விடியும் முன்பும்தான். ஆகவே பள்ளி நாளில் இரவு ஏழு, எட்டு மணிக்குள் வருவதை மட்டும் பார்க்கட்டும். விடியற்காலையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் சொந்தக்காரர் வீடு இருக்கிறது என்றீர்களே, முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் இரண்டு நாள் அங்கே கூட்டிப் போங்கள். ஊர் வெளிச்சம் இல்லாத வானத்தில், மாடியில் தப்பிய மங்கலானவையும் அவள் கணக்கில் சேரும்.