நியூஸ் படிச்சு பாலிசி குழப்பத்த அளக்கறதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்ட அம்மாவுக்கு

அம்மா, உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். உங்க பொண்ணு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டிகிரி முடிக்கப்போறா, ஹெல்த் பாலிசில, அதாவது சுகாதாரக் கொள்கைல, அரசாங்கம் என்ன பண்ணும்னு தெரியாம நிக்கற நிலைமைய நியூஸ வச்சு அளக்கற ஆராய்ச்சிக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா, "பேப்பர் படிக்கறதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்"னு உங்களுக்குக் கவலை. கவலைப்பட வேண்டியதுதான், ஆனா நீங்க நினைக்கற காரணத்துக்காக இல்ல.

முதல்ல விஷயம் என்னன்னு சொல்லிடறேன். பேக்கர், ப்ளூம், டேவிஸ்னு மூணு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 2016ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அமெரிக்காவோட 10 பெரிய பேப்பர்கள்ல 1985லேர்ந்து வந்த செய்திகள எடுத்து, பொருளாதாரம், நிச்சயமின்மை, அரசுக் கொள்கை இந்த மூணு பத்தியும் சொல்ற வார்த்தைங்க ஒரே செய்தில சேர்ந்து வருதான்னு மாசாமாசம் எண்ணுனாங்க. அந்த மாசம் அந்தப் பேப்பர்ல வந்த மொத்த செய்தியால அந்த எண்ணிக்கைய வகுக்கணும், இல்லன்னா பேப்பர் பக்கம் கூடுனாலே குழப்பம் கூடுன மாதிரி தெரியும். அதுலயே மெடிக்கேர் (அங்க வயசானவங்களுக்கான அரசு இன்சூரன்ஸ்), இன்சூரன்ஸ் மாதிரி வார்த்தைகளையும் சேர்த்து ஹெல்த்கேருக்குன்னு தனி இண்டெக்ஸும், அதாவது குழப்பம் எவ்வளவுன்னு மாசாமாசம் காட்டற நம்பரும், போட்டாங்க. 1993-94ல அமெரிக்க ஜனாதிபதி கிளின்டனோட ஹெல்த்கேர் திட்டம் வருமா வராதான்னு இழுத்துட்டு இருந்த காலம், அப்புறம் 2010ல ஜனாதிபதி ஒபாமாவோட ஹெல்த்கேர் சட்டம், இந்த மாதிரி சமயத்துலதான் அது எகிறும். இதெல்லாம் எதுக்குன்னு கேப்பீங்க. நாளைக்கு ரூல் என்ன ஆகும்னு தெரியலன்னா ஆஸ்பத்திரி புது ஆள் எடுக்க யோசிக்கும், இன்சூரன்ஸ் கம்பெனி பிரீமியம் முடிவு பண்ண முடியாம முழிக்கும், மருந்து கம்பெனி முதலீட்ட தள்ளிப்போடும், அப்போ அந்தக் குழப்பம் எவ்வளவுன்னு ஒரு நம்பர் கைல இருந்தா அவங்களுக்கு உபயோகம்தானே.

இப்போ வேலை. இந்தப் பேர்ல ஒரு போஸ்ட்டும் விளம்பரத்துல வராது, தேடாதீங்க. ஹெல்த் எகனாமிக்ஸ், பாலிசி அனலிஸ்ட், டேட்டா சயின்டிஸ்ட், ரிசர்ச் அசிஸ்டென்ட்னு வேற வேற பேர்ல இருக்கும், பல்கலைக்கழகம், பொது சுகாதார நிறுவனம், இன்சூரன்ஸ், கன்சல்டிங், சென்ட்ரல் பேங்க் ரிசர்ச் டீம்னு சிதறிக் கிடக்கும். இத மட்டும் நம்பி இறங்குனா கஷ்டம். ஸ்டாட்டிஸ்டிக்ஸ கெட்டியா வச்சுக்கிட்டு இத ஒரு ஸ்பெஷாலிட்டியா சேர்த்துக்கிட்டா நல்லாவே போகலாம்.

என் நிஜமான கவலை வேற. இந்தப் பசங்க எல்லாம் நேரா பைத்தான் கோர்ஸ்ல போய் விழறாங்க. கோடு எழுதறது இதுல சின்ன வேலைம்மா, எந்தச் செய்திய கணக்குல எடுக்கறதுங்கறதுதான் பெரிய வேலை. "பிரபல நடிகர் உடல்நிலை பற்றி உறுதியாகச் சொல்ல முடியாது என டாக்டர்கள் தகவல்"னு ஒரு செய்தி, அதுல ஹெல்த் இருக்கு, நிச்சயமின்மை இருக்கு, பாலிசி எங்க இருக்கு? "தடுப்பூசி விலை குறித்த நிச்சயமற்ற நிலை நீங்கியது"ன்னு இன்னொண்ணு, குழப்பம் தீந்துபோச்சுங்குது, ஆனா மெஷின் அதையும் குழப்பம்னு எண்ணிடும். "மசோதா மூணாவது தடவையா ஒத்திவைப்பு"ங்கற செய்தில நிச்சயமின்மைங்கற வார்த்தையே வராது, உள்ள பூரா அதுதான். நான் முதல்ல சொன்ன அந்த மூணு ஆராய்ச்சியாளர்களும் அதனாலதான் ஆளுங்கள உக்கார வச்சு 12,000க்கும் மேல செய்திகள படிக்கவச்சு, மெஷின் சொல்றதும் மனுஷன் சொல்றதும் ஒத்துப்போகுதான்னு பாத்தாங்க. சலிப்பான வேலைதான், ஆனா இண்டர்வியூல நான் இதப் பத்திதான் கேப்பேன்.

அதனால கோர்ஸுக்கு இப்பவே பணம் கட்டாதீங்க. பாலிசி அன்சர்ட்டனிட்டி டாட் காம்ல ஹெல்த்கேர் இண்டெக்ஸ் டேட்டா ஃப்ரீயாவே கிடைக்குது, பொண்ண அத இறக்கி, எந்தெந்த மாசம் எகிறிருக்கு, அப்போ என்ன நடந்துச்சுன்னு எழுதச் சொல்லுங்க. அப்புறம் பொது சுகாதாரம் பத்தின ஒரு நூறு செய்தி எடுத்து அவளும் ஒரு ஃப்ரெண்டும் தனித்தனியா, ஒருத்தர் போட்டத இன்னொருத்தர் பாக்காம, "ஆமா, இல்ல"ன்னு மார்க் போடட்டும். எங்கெங்க ரெண்டு பேரும் முட்டிக்கிட்டாங்க, ஏன்னு ரெண்டு பக்கம் எழுதி வச்சா அதுவே நல்ல போர்ட்ஃபோலியோ. பாதில போரடிக்குதுன்னு விட்டுட்டான்னா அதையும் எனக்கு சொல்லுங்க, டேட்டா பக்கமே வேற வழி நிறைய இருக்கு, மறுபடி உக்காந்து பேசுவோம்.