லாக் புக் எழுதும் பெண்ணுக்கு ஏ.ஐ. சீட் எதற்கு?

ஒரு தாயின் கேள்வி இது. மகள் ஃபர்ஸ்ட் குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணவர் பஞ்சாயத்தில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் கொழுந்தனார், தனியார் கல்லூரியில் ஏ.ஐ. படிப்புக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்துவிட்டார். நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒன்பது லட்சம். மகளோ தண்ணீர் மோட்டாரின் அன்றாட ரீடிங்கைக் குறிக்கும் அப்பாவின் லாக் புக்கைத் தானே எழுதுகிறாள்; ஒருநாள் ரீடிங் விட்டுப்போனால் வீட்டில் சண்டை. "இந்த ஆசைக்கெல்லாம் ஒரு வேலை உண்டா?" என்று கேட்கிறார்.

உண்டு அம்மா. கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிடலாம்தான். ஆனால் அந்த சீட்டை வாங்க வேண்டாம் என்று சொல்வதுதான் இப்போது அவசரம்.

ஒன்பது லட்சத்தைப் பத்து சதவீத வட்டியில் பத்தாண்டுக் கடனாக எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 11,900 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி அதற்கு மேல். மேனேஜ்மென்ட் சீட்டுக்கு முதல் பட்டதாரி சலுகையும் கிடையாது. கொழுந்தனார் நல்ல மனதோடுதான் பேசுகிறார். ஆனால் தவணை அவர் சம்பளத்தில் பிடிபடப் போவதில்லை.

கலைக் கல்லூரி, நர்சிங், போட்டித் தேர்வு பற்றியெல்லாம் ஏற்கெனவே பலரும் சொல்லியிருப்பார்கள். யாரும் சொல்லாத ஒன்றைப் பார்ப்போம்.

குடிநீர், மின்சாரம், மெட்ரோ ரயில் போன்ற பொதுச் சேவைகளில் ஆயிரக்கணக்கான பம்ப், மோட்டார், வால்வு, டிரான்ஸ்ஃபார்மர் ஓடுகின்றன. எதை எப்போது பிரித்துப் பார்ப்பது, யார் பார்ப்பது, எந்த ஸ்பேர் வேண்டும், போனமுறை என்ன கெட்டது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் வைப்பதுதான் பராமரிப்பு மேலாண்மை மென்பொருள். எஸ்.ஏ.பி. நிறுவனத்தின் பி.எம்., ஐ.பி.எம். நிறுவனத்தின் மாக்சிமோ ஆகியவை இதில் பெரிய பெயர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றைக் கட்டியதோடு வேலை முடிவதில்லை. ஆண்டுக்கணக்கில் இயக்கிப் பராமரிப்பதும் ஒப்பந்தத்திலேயே வருகிறது. இம்மாதிரி இடங்களில் பராமரிப்பைத் திட்டமிட 'மெயின்டெனன்ஸ் பிளானர்' என்று ஒரு வேலை இருக்கிறது.

மென்பொருள் வாங்கியும் பல இடங்களில் அது சொதப்புவது ஏன் என்று பார்த்தால், இந்த வேலைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்பது புரியும்.

ஒரு பம்ப்ஹவுஸில் மூன்று பம்ப். இரண்டு ஓடும், ஒன்று ஸ்டேண்ட்பை, அதாவது அவசரத்துக்கு நிற்கும். மென்பொருளில் "நான்கு மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ்" என்று காலண்டர் கணக்கில் போட்டுவிட்டால், ஓடாத மோட்டாருக்கும் கிரீஸ் ஏறிக்கொண்டே இருக்கும். மோட்டாரின் சுழலும் தண்டைத் தாங்குவது பேரிங். 6313 என்ற எண்ணுள்ள பேரிங்குக்கு வெளிவிட்டம் 140 மி.மீ., அகலம் 33 மி.மீ.; இரண்டையும் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் 23 கிராம் கிரீஸ். ஒருமுறைக்கு அவ்வளவுதான். அதிகமானால் பேரிங் சூடாகும், மிச்சம் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (வைண்டிங்) பக்கம் போகும். நல்ல பிளானர் ஓடிய மணியை வைத்துத்தான் வேலையைத் திட்டமிடுவார். 2,000 மணிக்கு ஒருமுறை என்றால், தினம் 16 மணி நேரம் ஓடும் மோட்டாருக்கு 125 நாளில் முறை வரும், ஸ்டேண்ட்பைக்கு வராது. என்ன வேலை செய்ய வேண்டும் என்று எழுதித் தரும் வொர்க் ஆர்டரில் "கிரீஸ் போடவும்" என்று மட்டும் எழுதமாட்டார்; கிரீஸ் கன்னை ஓர் அழுத்து அழுத்தினால் எத்தனை கிராம் வருகிறது என்று தராசில் பார்த்து, அழுத்தின் எண்ணிக்கையையும் எழுதுவார்.

இதைவிடப் பெரிய தப்பு, இடத்தையும் இயந்திரத்தையும் ஒன்றாகப் பதிவது. எரிந்த மோட்டார் ரீவைண்டிங் போய்த் திரும்பி வேறு பம்ப்ஹவுஸில் ஏறும். 'இரண்டாம் நம்பர் பம்ப்' என்ற இடத்தின் பேரில் மட்டும் வரலாறு இருந்தால், மூன்றுமுறை எரிந்த மோட்டார் புது இடத்தில் புத்தம் புதுசாகத் தெரியும். இடத்துக்கு ஓர் எண், மோட்டாருக்கு ஓர் எண் என்று தனித்தனியாக வேண்டும்.

ஸ்டோரில் ஒரே பேரிங் '6313', 'பேரிங் 6313', 'பி.ஆர்.ஜி. 6313' என்று மூன்று பெயரில் இருக்கும். ஒரு பெயரில் தேடி இல்லையென்று மறுபடி வாங்குவார்கள். பழுதின் காரணம் கேட்கும் கட்டத்தில் பாதிப்பேர் 'மற்றவை' என்று போடுவார்கள். மாதக் கடைசி நாள் மாலையில் மொத்த வொர்க் ஆர்டரையும் ஒரே மூச்சில் மூடுவார்கள். இதையெல்லாம் பார்த்து எரிச்சல்படுகிற ஆள்தான் இந்த வேலைக்குப் பொருத்தம். உங்கள் வீட்டில் அப்படி ஒருத்தி இருக்கிறாள்.

வழி நீளமில்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணக்கு படித்திருப்பதால் டிப்ளமோ எலெக்ட்ரிக்கலில் நேரடி இரண்டாம் ஆண்டு சேரலாம். இரண்டு ஆண்டில் முடியும். அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் ஆயிரங்களில்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். பிறகு ஓராண்டு அப்ரென்டிஸ், அதாவது வேலையிடத்திலேயே பயிற்சி. பி.இ. வேண்டுமென்றால் டிப்ளமோவை வைத்து அங்கும் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அவள் கேட்டால் மட்டும். எஸ்.ஏ.பி. சொல்லித் தருகிறோம் என்று பெரிய தொகை கேட்கும் சென்டர்களுக்கு இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். திரையில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதை வேலையில் சேர்ந்தபின் கற்றுக்கொள்ளலாம். பேரிங் தெரியாதவரின் திட்டத்தை, இயந்திரத்தைக் கழற்றி மாட்டும் ஃபிட்டர் மதிக்கமாட்டார்.

முதல் சம்பளம் சிறிசுதான், மறைக்கவில்லை. "பம்ப்ஹவுஸில் பொம்பளைப் பிள்ளையா?" என்று உறவில் கேட்பார்கள். பிளானருக்குப் பெரும்பாலும் பகல் வேலை. ஆனால் அப்ரென்டிஸ் ஆண்டில் பம்ப்ஹவுஸுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். அதில் சலுகை கேட்காதீர்கள்.

கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டும் முன் முப்பது நாள் ஒரு சோதனை. எக்ஸெல்லில் அவளே ஒரு ஷீட் போடட்டும்: தேதி, மோட்டார் ஓடிய நேரம், மூன்று ஃபேஸிலும் ஆம்பியர், வோல்ட்டேஜ், தொட்டி நிரம்ப எத்தனை நிமிடம். நிரம்பும் நேரம் கூடி ஆம்பியர் குறைந்தால், போர்வெல்லில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், இல்லை பம்ப் தேய்ந்திருக்கலாம். ஆம்பியர் மாறாமல் நேரம் மட்டும் கூடினால் முதலில் பைப்லைனில் கசிவைத் தேட வேண்டும். முப்பதாம் நாள் அந்த ஷீட்டைக் கொழுந்தனாருக்கு அனுப்பச் சொல்லுங்கள். டேட்டா என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.