ஆயுள் தண்டனை மேல் நம்பிக்கை இருந்தால் எங்கள் ஊரில் தூக்கு கேட்க மாட்டார்கள்

கேட்கப்பட்ட கேள்வி: "மரண தண்டனை வேண்டும் என்கிற சாதாரண மக்கள், அதற்கு மாற்றாக வேறு தண்டனையை ஏற்பார்களா? உங்கள் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்?"

திருவாரூர் மாவட்டத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். கொலைக் கேஸ் கட்டுகளோடு கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் அலைகிற பிழைப்பு. அதனால் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். "தூக்குல போடணும் சார்" என்கிறவர்களில் பலருக்கு ஆயுள் தண்டனை மேல் துளியும் நம்பிக்கை இல்லை. அதுதான் விஷயமே.

"ஆயுள்னா என்ன, பதினாலு வருஷம். அப்புறம் வெளிய வந்து நம்ம முன்னாடியே நடப்பான்." கோர்ட் வாசல் டீக்கடையில் இதைச் சொல்லாத ஆள் கிடையாது. சட்டப்படி இது தப்பு. ஆயுள் என்றால் சாகும் வரைதான். தூக்கு வரை போகக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் வாங்கியவரை 14 ஆண்டு முடியும் முன் தண்டனைக் குறைப்பில் விடக்கூடாது என்று சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அந்த வரம்பைத்தான் ஊர் தண்டனைக் காலமாகவே எடுத்துக்கொண்டது.

ஆனால் ஊரை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. தண்டனையைக் குறைக்க ஆளுநருக்கு அரசியல் சாசனம் 161ஆம் பிரிவு கொடுத்திருக்கும் அதிகாரம் வழியாகப் போனால் அந்த 14 ஆண்டும் தடையில்லை. 2008இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டி, 7 ஆண்டு முடித்த ஆயுள் கைதிகளே ஆயிரத்துக்கும் மேல் வெளியே வந்தார்கள். தருமபுரி பஸ் எரிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2000இல் சுற்றுலா வந்த வேளாண் கல்லூரி மாணவிகள் 3 பேர் பஸ்ஸோடு எரிந்து செத்தார்கள். 2007இல் 3 பேருக்குத் தூக்கு, 2010இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2016இல் அதே நீதிமன்றம் ஆயுளாக மாற்றியது, 2018 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டி மூவரும் விடுதலை. இதையெல்லாம் பேப்பரில் படித்த ஆளிடம் போய் "ஆயுள்னா ஆயுள்தாங்க" என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்?

மாற்று ஏற்கெனவே இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 2008இல் சுவாமி ஷ்ரத்தானந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு நடுவழியைக் காட்டியது. தூக்கும் வேண்டாம், 14 ஆண்டில் விடுவதும் வேண்டாம். இத்தனை ஆண்டு தண்டனைக் குறைப்பே கிடையாது என்று தீர்ப்பிலேயே எழுதிவிடலாம். 2015இல் அரசியல் சாசன அமர்வும் இதைச் சரி என்றது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் மட்டும்தான் இப்படி எழுத முடியும். சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கர் கொல்லப்பட்ட உடுமலைப்பேட்டை ஆணவக்கொலை வழக்கில் 2017இல் 6 பேருக்குத் தூக்கு விழுந்தது. 2020இல் சென்னை உயர் நீதிமன்றம் பெண்ணின் தகப்பனாரை விடுவித்துவிட்டு, மற்ற 5 பேருக்கும் 25 ஆண்டு குறைப்பில்லாத ஆயுளாக மாற்றியது. இதை விளக்கிச் சொன்னால் டீக்கடையில் குரல் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். "இருபத்தஞ்சு வருஷம் வெளியவே வர முடியாதா? அப்ப சரி" என்பார்கள். உடனே ஒருத்தர் "நம்ம வரிப்பணத்துல சோறா?" என்று ஆரம்பிப்பார். அதற்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தூக்கு வேண்டுமா வேண்டாமா என்பது, செத்தது யார் ஆள், செய்தது யார் ஆள் என்பதைப் பொறுத்து மாறும். தெரு மாறினால் கருத்து மாறும். 2011இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கின் பேரறிவாளன், சாந்தன், முருகன் மூவரையும் தூக்கிலிடாதே என்று பந்தலில் உட்கார்ந்தவர்கள், 2020 மார்ச்சில் டெல்லியில் நிர்பயா வழக்கில் நாலு பேரைத் தூக்கில் போட்டபோது இனிப்பு கொடுத்ததையும் பார்த்தேன். கீழ்வெண்மணிப் பக்கம் போனால் பேச்சே வேறு. 1968இல் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து செத்த அந்த வழக்கில் தண்டனை பெற்ற மிராசுதார் தரப்பினரை 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்துவிட்டது. "கயிறு எங்க கழுத்துக்குத்தான் எட்டும்" என்று அங்கே ஒரு பெரியவர் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருவாரூர்க்காரர்களிடம் வாதம் செய்தால் கடைசியில் மனுநீதிச் சோழனிடம் வந்து நிற்பார்கள். கோயில் பக்கத்தில் கல்தேர் இருக்கிறதே, கன்றுக்காக மகனையே தேர்க்காலில் இட்ட ராஜா! அந்தக் கதையின் முடிவில் கன்றும் பிள்ளையும் உயிரோடு எழுந்துவிடுகிறார்கள் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. கல்வெட்டுச் சோழர்கள் வேறு மாதிரி. வேட்டையில் அம்பு தவறி ஆள் செத்தால், கொன்றவன் 96 ஆடு கொடுத்துக் கோயிலில் நந்தா விளக்கு (அணையா விளக்கு) எரிக்க வேண்டும் என்று தீர்ப்புகள் இருக்கின்றன. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டில், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள், அவர்களுடைய உறவினர்கள் இவர்களின் நிலம் பறிமுதல் ஆனதுதான் இருக்கிறது. தலை போனதாக அதில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் பிராமணர்கள் என்பதால் தப்பினார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அப்படியே இருந்தாலும், நான் மேலே சொன்ன "யார் ஆள்" கணக்குதான் அது.

என் கருத்தைக் கேட்டால், தூக்கு வேண்டாம். சென்னையில் 2017இல் ஏழு வயதுச் சிறுமி கொலையான வழக்கில் கீழ் நீதிமன்றம் தூக்கு விதித்து, 2018இல் உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில், வழக்கு சரியாக நிரூபிக்கப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆளை விடுதலை செய்தது. "உடனே போடு" என்று அன்றைக்குக் கத்தியவர்களுக்கும் கோபம், போலீஸ் ஒழுங்காகப் புலன்விசாரணை செய்யவில்லை என்கிறவர்களுக்கும் கோபம்.

செத்தவர் வீட்டார் எங்கள் ஆபீசில் வந்து உட்கார்ந்தால் தூக்கைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கேஸ் எப்போது முடியும், சாட்சி சொன்னால் ஊரில் இருக்க முடியுமா, அவன் பரோலில் வந்தால் எங்களுக்கு முன்கூட்டியே சொல்வார்களா என்றுதான் கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்கு நான் "சொல்ல மாட்டார்கள்" என்றுதான் இதுவரை பதில் சொல்லிவருகிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இழப்பீட்டுக்கு மனு போடலாம் என்பதே பாதிப் பேருக்கு நாங்கள் சொல்லித்தான் தெரிகிறது.