பாமாயில் வந்துவிட்டதா? பட்டன் போனிலேயே கேட்கலாம்

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம். ரேஷன் கடை மூன்று கிலோமீட்டர். நடவு நேரத்தில் அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் போனால் ‘பாமாயில் இன்னும் வரலை’ என்கிறார்கள். குறுஞ்செய்தியிலேயே கேட்கலாமாமே? எங்கள் மகளிர் குழுவில் பெரும்பாலும் பட்டன் போன்தான்.

பதில்: கேட்கலாம், பட்டன் போன் போதும். ஆங்கில எழுத்தில் PDS (பி, டி, எஸ்) என அடித்து, ஓர் இடம் விட்டு 101 என்று போட்டு 97739 04050-க்கு அனுப்பினால் உங்கள் கடையின் இருப்பு வரும். 102 போட்டால் கடை திறந்திருக்கிறதா என்று வரும். பகுதி நேரக் கடையில் பொருள் வாங்குபவர்களுக்கு இதுதான் முக்கியம்.

ஆனால் கார்டில் பதிவான எண்ணிலிருந்து அனுப்பினால்தான் பதில் வரும். சிக்கலே இங்கேதான். 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோதோ அதற்கு முன்போ, திருப்பூரில் வேலை பார்க்கும் மகனின் எண்ணைக் கொடுத்தவர்கள் நம் பக்கம் ஏராளம். அம்மா இங்கே அரிசி வாங்குவார், செய்தி அங்கே போகும். அதனால் குழுக் கூட்டத்தில் முதல் வேலையாக யார் கார்டில் யார் எண் இருக்கிறது என்று எழுதுங்கள். பழைய சிம் கையில் இல்லையென்றால் வட்ட வழங்கல் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து மாற்றலாம். வழக்கமாக மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் குறைதீர் முகாமிலும் மாற்றலாம். கார்டு, ஆதார் நகலோடு, புதிதாகப் பதிய வேண்டிய எண் உள்ள போனையும் கொண்டுபோங்கள். இது தெரியாமல் போய் இரண்டாம் தடவை பஸ் ஏறியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் அனுப்ப வேண்டியதில்லை. ஒரே கடைக்கு ஒரே இருப்புதானே? பதிவான எண் உள்ள ஒருவர் காலையில் கேட்டால் போதும். வயலில் நிற்பவர்களுக்குச் செய்தி அனுப்பினால் யார் படிப்பது? சேற்றுக் கையோடு போனை எடுக்கவும் முடியாது, சிலருக்கு எழுத்துக்கூட்டவும் வராது. ஒரு மிஸ்டு கால் என்றால் பாமாயில் வந்துவிட்டது, இரண்டு என்றால் பருப்பும் இருக்கிறது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இருந்த இருப்பு மாலையில் தீர்ந்துபோகலாம், அதை மட்டும் மறக்க வேண்டாம்.

அப்புறம், பொருள் வாங்கியதும் வரும் செய்தியை அழித்துவிடாதீர்கள். வாங்காத சர்க்கரைக்கு 25 ரூபாய் பில் போட்டதாக வந்தால், அதே முறையில் 107 என்று அனுப்பிப் புகார் செய்யலாம். பதிலில்லையா, கட்டணமில்லாத 1967-க்கு அழையுங்கள். ‘கார்டு ரத்தாகப் போகிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்’ என்று ஏதாவது வந்தால் தொடவே வேண்டாம். அது கடையிலிருந்து வருவதல்ல.