படம் எடுத்த பிறகும் எதற்குக் கண்ணில் சொட்டு மருந்து?

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்ட மேற்பார்வையாளராக இருக்கிறேன். வயது 56, சர்க்கரை நோய் 9 ஆண்டுகளாக. இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு முகாமில், சொட்டு மருந்து விடாமலே கேமராவில் படம் எடுத்து, விழித்திரை நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஐந்து நாட்களாக வலக்கண்ணில் கொசு பறப்பதுபோல் கரும்புள்ளிகள். இருட்டில் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறது. சேலத்தில் கண் மருத்துவர், மருந்து விட்டு, தலையில் விளக்கு மாட்டிப் பார்க்கவேண்டும் என்கிறார். புதிய கேமரா பார்த்துவிட்டதைப் பழைய விளக்கால் மறுபடி பார்ப்பானேன்?

பதில்: முதலில் அந்தப் பரிசோதனையை இன்றே, தவறினால் நாளை காலை செய்துகொள்ளுங்கள். விளக்கத்தைப் பிறகு படிக்கலாம்.

முகாமில் சொன்னது பொய்யல்ல. அந்தக் கேமரா பெரும்பாலும் 45 பாகை அளவுக்கு விழித்திரையின் நடுப்பகுதியைப் படம் பிடிக்கும். சர்க்கரையால் வரும் ரத்தக்கசிவைத் தேட அது நல்ல கருவி. அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கப் படமும் கையில் இருக்கும். ஆனால் உங்களுக்கு இப்போது வந்திருப்பது வேறு தொல்லை. கண்ணுக்குள் இருக்கும் கூழ் வயதாக ஆக விழித்திரையிலிருந்து விலகும். பலருக்கு அது தீங்கில்லாமல் முடிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் விலகும்போது விழித்திரையை இழுத்துக் கிழித்துவிடுகிறது. அந்தக் கிழிசல் பெரும்பாலும் ஓரத்தில்தான் விழும். சர்க்கரை நோயாளிக்குக் கண்ணுக்குள் ரத்தம் கசிந்தாலும் இப்படிப் புள்ளிகள் தோன்றும். இலை பச்சையாக இருக்கிறது என்பதற்காகத் தண்டைக் குடையும் தண்டுத் துளைப்பான் பூச்சி இல்லை என்று நீங்கள் தோட்டத்தில் சொல்லமாட்டீர்கள். தண்டைத்தான் பார்ப்பீர்கள்.

அந்த ஓரத்தைக் காட்டுவது தலைவிளக்குதான். மருத்துவர் கையில் 20 டயாப்டர் திறனுள்ள (டயாப்டர் என்பது லென்ஸின் திறனை அளக்கும் அலகு) லென்ஸைப் பிடித்து, இரண்டு கண்களாலும் பார்ப்பார். பிம்பம் தலைகீழாக, சுமார் 3 மடங்குதான் பெரிதாகத் தெரியும். ஆனால் பரப்பு அகலம், ஆழமும் புரியும். இமைக்கு மேலிருந்து சிறு கோலால் மெதுவாக அழுத்தினால் விழித்திரையின் கடைசி விளிம்பே பார்வைக்கு வந்துவிடும். சற்று அசௌகரியமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேறு கருவிகள் போதாதா என்றால், போதாது. கையில் பிடித்து ஒரு கண்ணால் பார்க்கும் ஆப்தல்மாஸ்கோப், 1851-இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் உலகுக்கு அறிவித்த கருவியின் வழிவந்தது. சுமார் 15 மடங்கு பெரிதாக்கும், பார்வை நரம்பைப் பார்க்க உதவும், ஓரம் எட்டாது. ஓசிடி ஸ்கேன் விழித்திரையின் அடுக்குகளைக் குறுக்காக வெட்டியதுபோல் காட்டும். மையத்தில் வீக்கம் இருக்கிறதா என்று அறிய அதற்கு இணையில்லை. உங்கள் இன்றைய சந்தேகத்துக்கு அது போதாது.

கிழிசல் மட்டும் இருந்தால் லேசரால் சுற்றிலும் ஒட்டவைத்துவிடலாம். பெரும்பாலும் அன்றே வீட்டுக்குத் திரும்பலாம். விழித்திரை பிரிந்துவிட்டால் அறுவைச் சிகிச்சைதான். நாள் தள்ளாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான். திரை விழுவதுபோல் ஒரு பக்கம் நிழல் படிந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கவேண்டாம்.

மருந்து விட்டால் கண்ணின் பாவை (நடுவிலுள்ள கறுப்புத் துளை) விரிய அரைமணி நேரம் ஆகும். சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னும் தாமதமாகலாம். பிறகு சில மணி நேரம் கண் கூசும், கிட்டப்பார்வை மங்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் நீங்களே வண்டி ஓட்டித் திரும்பக்கூடாது. துணைக்கு ஒருவரை அழைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வாருங்கள். கறுப்புக் கண்ணாடி இருக்கட்டும். முன்பு கண் அழுத்த நோய் இருந்திருந்தால் மருந்து விடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முகாமில் எடுத்த படத்தின் நகல் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். அந்த மருத்துவருக்கு அது பயன்படும்.